மஞ்சள் பெயின்ட் அடித்த மரங்கள்

“பிரதிவாதிகளோ அவர்களது வாரிசுகளோ ஆட்களோ தாவாச் சொத்தில் ஆடு மாடு மேய்க்கவும், தழை ஒடிக்கவும், விறகு பொறுக்கவும், தீ வைக்கவும் கூடாது.” நிரந்தர உறுத்துக்கட்டளை கேட்ட அந்தப் பிராதின் பரிகாரப் பத்தி இப்படித்தான் இருந்தது. வரப்புத் தகராறில் யாரும் கேட்கிற பரிகாரம்தான், புதிதாக ஒன்றுமில்லை. புதுமை எல்லாம் சொத்து விவரத்தில். சர்வே எண் கிடையாது, நான்கெல்லை கிடையாது. ஒரு பக்கம் முழுக்க அட்சரேகை, தீர்க்கரேகைப் புள்ளிகள். வாதி அந்த நிலத்தின் சொந்தக்காரரும் இல்லை, குத்தகைதாரரும் இல்லை. அங்கே நிற்கும் மரங்கள் காற்றிலிருந்து இழுத்து வைத்திருக்கும் கார்பனை விலைக்கு வாங்கியதாகச் சொன்ன ஒரு கம்பெனி.

வக்காலத்தில் கையெழுத்துப் போட வந்தவர்கள் ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையின் மேற்குப் பக்கத்து ஊர்க்காரர்கள். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. அவர்களுடைய மனு ஒன்று இன்னும் அரசிடம் இருக்கிறது. ராகி, சாமை, கொஞ்சம் மக்காச்சோளம் போடுகிற இரண்டு மூன்று ஏக்கர் மானாவாரி. அதை ஒட்டியே காப்புக்காடு. பர்கூர் மலைமாடு வீட்டுத் தொழுவத்தில் வளர்கிற மாடு அல்ல. காட்டுக்குள்ளே பட்டி போட்டு அடைப்பார்கள், பகலெல்லாம் காட்டில் மேயும், ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி தேரில் விலைக்குப் போகும். அந்தப் பட்டிகளுக்கு வனத்துறையே காலங்காலமாக மேய்ச்சல் சீட்டுக் கொடுத்து வந்தது. அந்தச் சீட்டுகள் பிறகு எங்களுக்கு எவ்வளவு உதவின என்பதைச் சொல்கிறேன்.

ஊர்க்காரர்கள் மலையாளி சமூகத்தவர். இதே மக்கள் சேலம், தருமபுரி மலைகளில் பட்டியல் பழங்குடியினர். ஈரோட்டில் இல்லை. ஜனாதிபதி ஆணையின் பட்டியலில் மலையாளிகளுக்கு மாவட்டப் பெயர்களைக் கூடவே எழுதிவிட்டார்கள். அதில் பழைய கோயம்புத்தூர் மாவட்டம் இல்லை. 1979-ல் கோயம்புத்தூரிலிருந்து பிரிந்த ஈரோடு, அந்த விடுபடலையும் சேர்த்தே பெற்றுக்கொண்டது. மலைக்கு அந்தப் பக்கம் பிறந்தால் பழங்குடி, இந்தப் பக்கம் பிறந்தால் இல்லை என்கிற நிலைமை. பத்தாவது முடித்த பிள்ளைகள் சாதிச் சான்றுக்காக அலைவது அங்கே பழகிப்போன காட்சி.

கொரோனா ஓய்ந்த சமயம் கம்பெனி ஆட்கள் மலையேறியிருக்கிறார்கள். நெல்லி, பலா, மலைவேம்பு நாற்று இலவசம். நட்டு வளர்த்தால் மரம் கார்பனைச் சேமிக்கும், அதை வெளிநாட்டுக் கம்பெனிகள் வாங்கும், வருஷா வருஷம் வங்கிக் கணக்கில் பணம் வரும். தமிழில் ஒரு பக்கத் துண்டறிக்கை, அதில் பணத்தைப் பற்றி மட்டும். கையெழுத்து வாங்கியது ஆங்கிலத்தில் இருந்த தடித்த ஒப்பந்தத்தில். நாற்பது வருஷம்; வாரிசுகளையும் கட்டும்; ‘திட்டப் பரப்பில்’ மேய்ச்சலும் தழை ஒடிப்பும் கூடாது; அந்தப் பரப்பின் கார்பனும் ‘இதர சுற்றுச்சூழல் பலன்களும்’ கம்பெனிக்கே உரிமை மாற்றம்; செலவு போக மிஞ்சியதில் பாதி விவசாயிகளுக்கு. என்ன செலவு, யார் கணக்கு எழுதுவது என்பதற்கு ஒரு வரி கிடையாது. தகராறு வந்தால் தில்லியில் நடுவர் தீர்ப்பு. கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள். நாற்பது வருஷத்துக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்கள்!

கார்பன் கணக்கு எப்படி நடக்கிறது என்று வழக்குக்காகத்தான் நானும் உட்கார்ந்து படித்தேன். தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், அதாவது நெஞ்சு மட்டத்தில், மரத்தின் சுற்றளவை நாடா வைத்து அளப்பார்கள். மர இனத்துக்கென்று உள்ள வாய்பாட்டில் போட்டு அதன் உலர் எடையைக் கணிப்பார்கள். உலர் எடையில் ஏறத்தாழ 47 சதவீதம் கார்பன். அதை 44/12-ஆல் பெருக்கினால் கரியமில வாயுக் கணக்கு வரும். ஒரு டன் உலர்ந்த மரம் என்றால் சுமார் 1.7 டன் கரியமில வாயு. ஒரு டன் வாயுவுக்கு ஒரு கிரெடிட். எல்லா மரத்தையும் அளக்க மாட்டார்கள். மாதிரிக் கட்டங்கள் போட்டு, அவற்றில் உள்ள மரங்களை அளந்து, மொத்தப் பரப்புக்கும் விரிப்பார்கள். ஆக, பரப்பு பெரிதானால் கிரெடிட் பெருகும். வழக்கின் ஆணிவேர் இங்கேதான் இருந்தது.

முதல் வருஷம் ஏக்கருக்குச் சொன்ன தொகை வந்தது. இரண்டாம் வருஷம் வரவில்லை. வெளியிலிருந்து சரிபார்ப்புக் குழு வருகிற நேரத்தில் ஆடுகள் வழக்கம்போல் மேய்ந்துகொண்டிருந்தன. கம்பெனி நீதிமன்றத்துக்கு ஓடி, எதிர்த்தரப்பைக் கேட்காமலேயே இடைக்காலத் தடை வாங்கிவிட்டது. அமீனா உத்தரவை ஒட்டிவிட்டுப் போன பிறகுதான் ஊர் என்னிடம் வந்தது.

தில்லி நடுவர் ஷரத்தைக் காட்டி, நடுவர் சட்டம் 8-ஆம் பிரிவில் மனுப் போட்டு வழக்கை வெளியேற்றிவிடலாம் என்று என் ஜூனியர் சொன்னார். சட்டப்படி சரிதான். ஆனால் அந்த மனுவை முதல் பதிலுரைக்கு முன்போ அதோடோ பிரதிவாதிதான் போட வேண்டும். போடாவிட்டால் சிவில் கோர்ட்டே விசாரிக்கும். ராகிக்காட்டுக்காரரைத் தில்லிக்கு அனுப்புவதைவிட மலைக்குக் கீழே உள்ள சார்பு நீதிமன்றத்தில் நிற்க வைப்பது மேல். கம்பெனி தானாக வந்து மாட்டிய இடத்தை நான் ஏன் விட வேண்டும்?

தடையை நீக்கும் மனுவில் கம்பெனி வக்கீல் 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காடுகளில் மேய்ச்சலுக்குத் தடை விதித்ததை எடுத்து நீட்டினார். அந்த உத்தரவைப் பிறகு உயர் நீதிமன்றமே திருத்தி, தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் இவற்றோடு நிறுத்திக்கொண்டதை நான் நீட்டினேன். பர்கூர் அப்போது வெறும் காப்புக்காடு. தடை நீங்கியது. ஆனால் அசல் வழக்கு நின்றது.

அடுத்த கேள்வி வனத்துறையை வழக்கில் சேர்ப்பதா என்பது. காப்புக்காட்டின் மரத்துக்கு அரசு சொந்தம் கொண்டாடும். கம்பெனி அதை விற்க முடியாது. ஒரே அடியில் வழக்கு விழும். ஊர்க் கூட்டத்தில் இதை விளக்கினேன். பின்வரிசையில் இருந்த ஒரு ஆயா எழுந்தார்.

“ரேஞ்சர கோர்ட்டுக்கு நாமளே கூப்படறதுங்களா வக்கீலுங்க? கம்பெனிக்கும் இல்ல உங்களுக்கும் இல்லைன்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிருவாங்களே. அப்பறம் எங்க பட்டி?”

அவர் சொன்னதுதான் வழக்கின் சிக்கல். எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாள் இரண்டே வரியில் அதைச் சொல்லிவிட்டார். கம்பெனியை வெல்ல நான் எடுக்கிற வாதம் ஊரின் வன உரிமை மனுவைக் கொன்றுவிடக் கூடாது.

அந்த மனுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், தனிநபர் சாகுபடிக்கு மட்டுமல்ல, ஊர் வழிவழியாகக் காத்துப் பயன்படுத்தி வரும் காட்டை நிர்வகிக்கும் உரிமையையும் கிராமசபைக்கு அங்கீகரிக்கிறது. 3(1)(ஐ) பிரிவு. அதற்கு விண்ணப்பிப்பது படிவம் ‘சி’. மகாராஷ்டிரத்தில் கட்சிரோலி மாவட்டத்து மேந்தா லேகா 2009-லேயே சுமார் 1,800 ஹெக்டேருக்கு அந்த உரிமையைப் பெற்று, 2011-ல் தன் மூங்கிலைத் தானே விற்றது. தமிழ்நாட்டில் நாம் அந்த வேகத்தில் போகவில்லை. 2008-ல் சென்னை உயர் நீதிமன்றம், மனுக்களைச் சரிபார்க்கலாம், ஆனால் பட்டயம் கொடுக்கும் முன் தன்னிடம் உத்தரவு பெற வேண்டும் என்று இடைக்கால ஆணை போட்டது. உச்ச நீதிமன்றம் 2016-ல்தான் அந்த முட்டுக்கட்டையை எடுத்தது. எட்டு வருஷம் தமிழக மலைகளில் இந்தச் சட்டம் பெயரளவில் இருந்தது.

அதன் பிறகுதான் இந்த ஊரும் மனுப் போட்டது. ஈரோட்டில் அவர்கள் பழங்குடி இல்லை என்பதால் ‘இதர பாரம்பரிய வனவாசிகள்’ என்ற வகை. அவர்களுக்குச் சட்டம் வைத்த நிபந்தனை, 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, தலைமுறைக்கு 25 வருஷம். அதாவது 1930 முதல் அங்கே குடியிருந்து காட்டைச் சார்ந்து பிழைத்ததைக் காட்ட வேண்டும். மேய்ச்சல் சீட்டு, சுடுகாடு, கோயில் கல், பெரியவர்கள் வாக்குமூலம் எல்லாம் சேர்த்து, கையடக்க ஜிபிஎஸ் கருவியோடு எல்லை சுற்றி நடந்து, வன உரிமைக் குழுவே ஒரு வரைபடமும் போட்டிருந்தது. கோட்டக் குழுவில் மனு தூங்கிக்கொண்டிருந்தது.

எனவே வனத்துறையை நாங்கள் சேர்க்கவில்லை. காப்புக்காட்டின்மீது உரிமை கேட்கிற வாதிதான் அரசைச் சேர்த்திருக்க வேண்டும், சேர்க்காதது வழக்குக்கே ஊறு என்று எதிர்வழக்குரையில் ஆட்சேபணை மட்டும் எழுதினேன். கம்பெனியும் சேர்க்காது என்று எனக்குத் தெரியும். சேர்த்தால், அரசுக் காட்டின் மரத்தைக் கணக்கில் வைத்து விற்றதை வனத்துறை முன்னாலேயே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்.

இது அப்போது என் சந்தேகம்தான். பிராதின் புள்ளிகளை எந்த சர்வே எண்ணோடு பொருத்துவது என்று கேட்டு அட்வகேட் கமிஷனர் நியமிக்க மனுப் போட்டோம். கமிஷனர் சர்வேயரோடு மலையேறினார். பட்டா நிலத்தில் நட்ட நாற்றுகளில் பாதி கருகிக் கிடந்தன, அதைக் குறித்துக்கொண்டார்கள். மாதிரி மரங்களைக் காட்டச் சொன்னபோது கம்பெனியின் களப்பணியாளரே முன்னால் நடந்தார். பட்டாக் காடு முடிந்தது. வனத்துறை எல்லைக் கற்குவியலும் பின்னால் போயிற்று. ஓடை தாண்டி வெக்காலியும் வேங்கையும் நிற்கிற சரிவில், நெஞ்சு மட்டத்தில் மஞ்சள் பெயின்ட் வளையமும் எண்ணும் போட்ட மரங்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் எண்ணும் அறிக்கையில் ஏறியது.

இரண்டு மூன்று ஏக்கர் மானாவாரிக் காட்டில் கருவேலும் புளியும் தவிர என்ன நிற்கும்? சிறு விவசாயிகளின் நிலத்தை மட்டும் கணக்கில் வைத்தால் கம்பெனிக்கு ஆபீஸ் செலவுக்கே கட்டாது. அதனால் காட்டையும் வளைத்துக்கொண்டார்கள். எப்படி வளைத்தார்கள் என்பதுதான் எனக்கே ஆச்சரியம். பிராதின் புள்ளிகளை ஜூனியர் கணினியில் போட்டுப் பார்த்தார். வன உரிமைக் குழு படிவம் ‘சி’க்காகப் போட்ட வரைபடத்தின் அதே எல்லை, ஒரு வளைவு மாறாமல். கம்பெனி ஆள் கேட்டபோது ஊர்ப் பையன்கள் நம்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

கமிஷனர் அறிக்கை வந்ததும் கம்பெனி விழித்துக்கொண்டது. சொத்து விவரத்தைப் பட்டா நிலத்தோடு சுருக்க அனுமதி கேட்டுத் திருத்த மனுப் போட்டது. விசாரணை தொடங்கிவிட்டது, முன்பே தெரிந்த சங்கதி என்று மனு தள்ளுபடியாயிற்று. சுருக்கியிருந்தாலும் கம்பெனிக்கு நஷ்டம்தான். வாங்குவோரிடம் காட்டிய கிரெடிட்டில் பெரும்பங்கு காணாமல் போயிருக்கும்.

கம்பெனி சாட்சியாக வந்தவர் வனவியல் படித்த இளைஞர். பொய் சொல்லத் தெரியாதவர். திட்ட ஆவணத்தை அவர் மூலமாகவே சான்றாவணமாகக் குறித்தார்கள். எனக்கு வேண்டியது அதுதான்.

அந்த ஆவணத்தை மூன்று முறை வாசித்திருந்தேன். அதன் ஒரு பகுதி, திட்டம் வராவிட்டால் இந்தக் காடு என்ன ஆகும் என்று சொல்கிறது. மிதமிஞ்சிய மேய்ச்சல், விறகு வெட்டு, காட்டுத் தீ; ஊர்க்காரர்களால் காடு அழிந்துகொண்டே போகும் என்று எழுதியிருந்தார்கள். கார்பன் கணக்கில் இது கட்டாயம். திட்டத்தால் கூடுதலாக என்ன கிடைத்தது என்று காட்டினால்தான் கிரெடிட். எப்படியும் நிற்கப் போகிற காட்டுக்கு எவரும் பணம் தர மாட்டார்கள். பின்னால் சமூக நலன் பகுதியில் அதே ஊரைப் பற்றி வேறு கதை. வழிவழியாகத் தீத்தடுப்புக் கோடு வெட்டி, புளியையும் கடுக்காயையும் வெட்டாமல் காய் மட்டும் எடுத்து, சாமிக் காட்டில் சுள்ளிகூடப் பொறுக்காமல் காட்டைக் காத்து வரும் ‘பட்டியல் பழங்குடி’ மக்கள் என்று. அரசு இத்தனை காலம் கொடுக்காத சாதிச் சான்றைக் கம்பெனி ஒரே வரியில் கொடுத்துவிட்டது. இதை ஊரில் படித்துக் காட்டியபோது சிரித்தார்கள்.

குறுக்கு விசாரணையில் இரண்டு பத்திகளையும் சாட்சியையே வாசிக்கச் சொன்னேன்.

“இந்த இரண்டில் எது உண்மை?”

“இரண்டும் இருக்கலாம் சார்.”

“நீங்கள் போகும் முன்பே இவர்கள் தீக்கோடு வெட்டிக்கொண்டிருந்தார்களா?”

“ஆமாம்.”

“வெக்காலி மரங்கள் நீங்கள் நட்டவையா?”

“இல்லை. அவை முதிர்ந்த மரங்கள்.”

“மஞ்சள் வளையம் போட்ட மரங்களில் பட்டா நிலத்தில் நிற்பது ஏதாவது உண்டா?”

சாட்சி கமிஷனர் அறிக்கையைப் புரட்டிப் பார்த்தார். “இந்தப் பட்டியலில் இல்லை.”

நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. காட்டைக் கெடுத்தவர்கள் என்றால் அந்த முதிர்ந்த மரங்கள் ஏது? காத்தவர்கள் என்றால் கம்பெனி கூடுதலாகச் செய்தது என்ன? சிறு விவசாயிகளின் காடுகளை வைத்து நடக்கும் கார்பன் வியாபாரத்தில் எனக்குள்ள பெரிய மனக்குறை இதுதான். அழித்துக்கொண்டிருந்தவன் நிறுத்தினால் காசு. அழிக்காமலே இருந்தவனுக்குக் காசு வேண்டுமென்றால் முதலில் அவனை அழித்தவனாக எழுத வேண்டியிருக்கிறது.

வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே, 2024 ஜனவரியில், அரசு தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயத்தை அறிவித்தது. அந்தியூர், பர்கூர் பக்கத்துக் காடுகள் அதற்குள் வந்தன, 80,000 ஹெக்டேருக்கு மேல். பர்கூர் மலையில் மேய்ச்சல் போய்விடுமே என்று போராட்டங்கள் நடந்தன. கம்பெனி வக்கீல் உடனே குறிப்பாணை தாக்கல் செய்தார்: இனி மேய்ச்சலே சட்டவிரோதம், ஆகவே உறுத்துக்கட்டளை தரலாம். சரணாலயத்தில் மேய்ச்சலா இல்லையா என்பது அரசுக்கும் கிராமசபைக்கும் இடையிலான விஷயம், வன உரிமைச் சட்டம் சரணாலயத்துக்குள்ளும் செல்லும், ஒரு கம்பெனி ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு வனக்காவலர் வேலை பார்க்க முடியாது என்று பதில் சொன்னேன்.

இறுதி வாதம் மூன்று திசையில் போயிற்று. முதலாவது, குறித்தவகை நிவாரணச் சட்டம். நாற்பது வருஷம் மரம் வளர்க்கிற ஒப்பந்தத்தை எந்த நீதிமன்றமும் பக்கத்தில் நின்று கண்காணிக்க முடியாது; 14-ஆம் பிரிவின்படி அப்படிப்பட்டதைக் கட்டாயமாக நிறைவேற்ற வைக்க முடியாது; நிறைவேற்ற வைக்க முடியாத ஒப்பந்தத்துக்கு 41(இ)-ன்படி உறுத்துக்கட்டளையும் கிடையாது. கம்பெனி வக்கீல் கெட்டிக்காரர், 42-ஆம் பிரிவுக்குத் தாவினார். மரம் வளர்க்கக் கட்டாயப்படுத்த முடியாவிட்டாலும் ‘மேய்க்காதே’ என்ற எதிர்மறை ஷரத்தை அமல்படுத்தலாமே என்றார். சரியான சட்டம். ஆனால் அதே பிரிவின் காப்பு வாசகம், வாதி தன் பங்கைச் செய்யத் தவறியிருக்கக் கூடாது என்கிறது. வங்கிப் புத்தகங்களை நீட்டினேன். இரண்டாம் வருஷத் தொகை யார் கணக்கிலும் இல்லை.

இரண்டாவது, வன உரிமைச் சட்டம் 4(4). அங்கீகரிக்கப்படும் உரிமை வாரிசுக்குப் போகலாம். பிறருக்கு மாற்ற முடியாது. அப்படியிருக்க, இன்னும் அங்கீகாரமே ஆகாத ஊர்க்காட்டின் பலனைத் தனித்தனி விவசாயிகள் கையெழுத்துப் போட்டு எப்படி மாற்றிக் கொடுக்க முடியும்? கொடுப்பதோ மறுப்பதோ கிராமசபையின் வேலை. நியம்கிரி மலை வழக்கில் 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கிராமசபைகளிடம் முடிவைக் கேட்டதையும், பன்னிரண்டு கிராமசபைகளும் சுரங்கம் வேண்டாம் என்றதையும் எடுத்துச் சொன்னேன். மூன்றாவது, அரசைச் சேர்க்காத குறை.

கார்பன் யாருடையது என்ற கேள்வியை நான் கிளப்பவில்லை. சட்டத்தில் சிறு வன மகசூல் என்று மூங்கில், தேன், மெழுகு, அரக்கு, மூலிகை, கிழங்கு எல்லாம் இருக்கின்றன, கார்பன் இல்லை. அந்தக் கேள்வியைச் சார்பு நீதிமன்றத்தில் கேட்டு எதிரான பதிலை வாங்கி வைத்துக்கொள்வது ஊருக்கு ஆபத்து.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. 42-ஆம் பிரிவின் காப்பு வாசகத்தை முதன்மைக் காரணமாக வைத்து வழக்கு செலவுத் தொகையோடு தள்ளுபடி. காப்புக்காட்டுப் பரப்பைப் பொறுத்தவரை, தனிநபர் கையெழுத்து ஊரைக் கட்டுப்படுத்தாது என்று ஒரு பத்தி. கார்பன் உரிமை பற்றி முடிவு சொல்லத் தேவை எழவில்லை என்று ஒரு வரி. மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாள் கெடு. கம்பெனி செய்யவில்லை.

தீர்ப்பைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது வேறு. கமிஷனர் அறிக்கையையும் கம்பெனியின் திட்ட ஆவணத்தையும் சான்றிட்ட நகல் எடுத்து, படிவம் ‘சி’ மனுவோடு கூடுதல் ஆதாரமாகச் சேர்த்தோம். ஊர் வழிவழியாகக் காட்டை நிர்வகித்து வருகிறது என்பதற்குப் பழைய மேய்ச்சல் சீட்டுகளோடு இப்போது எதிரியின் வாக்குமூலமும் இருக்கிறது. மாவட்டக் குழு மனுவைக் கோட்டக் குழுவுக்குத் திருப்பியிருக்கிறது. 2012 திருத்த விதிகளின்படி நிராகரிப்பதென்றால் விரிவான காரணத்தை எழுத்தில் தர வேண்டும். இதுவரை நிராகரிக்கவும் இல்லை, பட்டயம் தரவும் இல்லை.

மலைப்பகுதியில் இதைப் படிக்கிறவர்கள் இருந்தால் ஒன்று சொல்கிறேன். கார்பன் ஒப்பந்தம் என்று யார் வந்தாலும், ஊர் வரைபடத்தைக் கையில் கொடுக்காதீர்கள். கிராமசபையைக் கூட்டாமல் தனித்தனியாகக் கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்பந்தம் முழுவதையும் தமிழில் கேட்டு வாங்கி, தாலுகா சட்டப் பணிகள் குழுவுக்கு எடுத்துப் போங்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பட்டியல் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் அங்கே வக்கீல் கட்டணம் கிடையாது. ஈரோட்டு மலையாளிகளிடம் சாதிச் சான்று இருக்காது. வீட்டுப் பெண்கள் பெயரில் மனுப் போடுங்கள்.